விதையில் போதை இல்லை

குன்னம்

பட்டறையைப் பிரித்து வெங்காயம் எடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணி கேட்டார். “அவ அங்க என்ன செடியை வெச்சுப் பார்க்கிறான்னு ஊர்ல யாராவது கேட்டா, என்ன தம்பி சொல்றது?”

“மலைப்பயிர்னு சொல்லுங்க அண்ணி” என்றேன். மூன்று வருடமாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வருகிறோம். அண்ணன் மகள் பயிர்ப் பெருக்கம் படித்து, உத்தராகண்டில் மலைமேல் ஒரு பசுமைக்குடிலில் வேலை பார்க்கிறாள். அவள் பெருக்கும் பயிரின் பெயரை எங்கள் தெருவில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. கஞ்சா.

அண்ணியின் தயக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்தில் அந்தச் சொல் பேருந்து நிலையத்துப் பின்புறத்தோடும் காவல் நிலையத்தோடும் மட்டுமே சேர்ந்து வரும். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டு, கண் சிவந்து, அம்மாவின் தோட்டை அடகு வைத்த பையனை நான் பார்த்திருக்கிறேன். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி, அனுமதியில்லாமல் அந்தச் செடியை வளர்த்தால் பத்தாண்டு வரை கடுங்காவல். அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு நாருக்காகவும் விதைக்காகவும் அரசு அனுமதி கொடுத்து வளர்க்க வழிவிட்டிருக்கிறது என்பதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

புரட்டாசி கடைசி. மக்காச்சோளம் ஆளுயரம் நின்றது. பருத்தியில் சப்பை வைக்கத் தொடங்கியிருந்தது. கரிசல் ஈரத்தில் செருப்பு ஒட்டிக்கொண்டு வர, ஐந்து கிலோ சின்ன வெங்காயத்தைச் சாக்குப் பையில் கட்டி எடுத்துக்கொண்டேன். அவள் கேட்டிருந்தது அது ஒன்றைத்தான். “இங்க பெரிய வெங்காயந்தான் சித்தப்பா. சாம்பார் சாம்பாராவே இல்ல.”

காத்கோதாம்

ரயில் பாதை முடிகிற இடம் காத்கோதாம். அதற்கு மேல் மலை. அவள் வண்டியோடு வந்து நின்றாள். வெங்காயப் பையை வாங்கி முதலில் முகர்ந்து பார்த்தாள், பிறகுதான் என்னை விசாரித்தாள்.

முதல் வளைவு தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொன்னாள். சாலையோரச் சரிவில் தோளுயரத்துக்குப் புதர். விரல் விரலாகப் பிரிந்த இலை, ஓரமெல்லாம் வாள் பல். செய்தித்தாள் படங்களில் கட்டுக் கட்டாகக் கிடத்தி வைத்துப் பார்த்த அதே இலை. இங்கே நட்டவர் யாருமில்லை. நம்மூர்ச் சாலையோரம் எருக்கும் ஆவாரையும் நிற்பதுபோல அது பாட்டுக்கு நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் அதை உரசிக்கொண்டு நடந்து போனார்கள். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கை மட்டும் நீளத் தயங்கியது.

“பாங்னு சொல்வாங்க. இது தன்னால முளைச்சது. வீட்டு விதை வேற. அத நாளைக்குக் காட்டுறேன்.”

மேலே ஏற ஏறக் காற்று மாறியது. சால மரங்கள் போய் ஊசியிலைப் பைன் வந்தது. வண்டி ஜன்னலில் பிசின் வாசம் அடித்தது.

அல்மோரா

அல்மோராவின் கடைத்தெரு மலை முதுகின் மேல் நீண்டு கிடக்கிறது. தரையில் கல் பாவியிருக்கிறார்கள். சில பழைய வீடுகளில் மரச்சட்டங்கள் நுணுக்கமான செதுக்கலோடு இன்னும் மிஞ்சியிருக்கின்றன. இனிப்புக் கடைகளில் பால் மிட்டாய். கோவாவைக் கருஞ்சிவப்பாகும் வரை கிளறித் துண்டு போட்டு, மேலே வெள்ளைச் சர்க்கரை உருண்டைகளை ஒட்டியிருப்பார்கள். ஒன்றுக்கு மேல் என்னால் முடியவில்லை.

என்னை நிறுத்தியது மளிகைக் கடை. வாசலில் வரிசையாகச் சாக்குகள். முதல் சாக்கில் கொள்ளு, இங்கே கஹத் என்கிறார்கள். அடுத்தது கேழ்வரகு, பெயர் மடுவா. அதற்கடுத்து ஜங்கோரா, நம் குதிரைவாலிதான். மூன்றாயிரம் கிலோமீட்டர் வந்து நம் மானாவாரிக் காட்டின் முன்னால் நிற்பதுபோல் இருந்தது. நான்காவது சாக்கில் சாம்பல் நிறத்தில், மிளகைவிடச் சிறிதாக, மேலே வலைக்கோடு ஓடிய விதை. கடைக்காரர் ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் போட்டார். பாங் தானா. கஞ்சா விதை.

கையை இழுத்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு இரண்டைத் தன் வாயில் போட்டு மென்றார். சட்டமே விதையை விலக்கித்தான் வைத்திருக்கிறது. கஞ்சா என்று அது வரையறுப்பது பூத்த, காய்த்த தலைப்பகுதியை. தலைப்பகுதி சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்குள் வராது. 2021இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த விதையையும் அதன் எண்ணெயையும் மாவையும் உணவு என்றே ஏற்றுக்கொண்டது. அல்மோராக் கடைக்காரருக்கு அந்த அறிவிப்பு தேவைப்பட்டிருக்காது. அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து அந்தச் சாக்கு அந்த இடத்தில்தான் இருக்கிறதாம்.

ஆமாவின் வீடு

இந்தப் பகுதியின் குமாவூனி மொழியில் ஆமா என்றால் பாட்டி. விதை சேகரிக்க ஊர் ஊராக நடந்தபோது மழையில் மாட்டிக்கொண்டு அண்ணன் மகள் மூன்று நாள் தங்கிய வீடு அது. அல்மோராவிலிருந்து கோசி ஆற்றுப் பக்கம் இறங்கி, பிறகு படிப்படியாக வெட்டிய வயல்களின் ஊடே முக்கால் மணி நேரம் ஏற வேண்டும். ஒவ்வொரு படியும் நம் பாத்தி அகலந்தான். ஒரு குழி நிலத்துக்கு ஒரு ஆள் உயரக் கல்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். எங்கள் கரிசல் காடு கண்ணுக்கெட்டிய தூரம் சமமாகக் கிடக்கும். அந்த மண்ணை நாங்கள் இவ்வளவு மதித்தோமா என்று ஏறும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்.

கல் வேய்ந்த கூரை. கீழே மாடு, மேலே மனிதர்கள். சாணக் குழியை ஒட்டிப் பத்துப் பதினைந்து செடிகள், ஒவ்வொன்றும் என்னைப்போல் ஒன்றரை ஆள். எரு வளம் இருக்கும் இடத்தில்தான் அது செழிக்கும் என்றார் ஆமா. வீட்டு விதை என்று அண்ணன் மகள் சொன்னது இதைத்தான்.

அடுப்பில் இரும்புச் சட்டி ஏறியது. விதையை வெறும் சட்டியில் பொரிய விட்டார். எள் வறுபடும் அதே சத்தம், கிட்டத்தட்ட அதே மணம். பிறகு அம்மி. பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, சீரகம், கல்லுப்பு, வறுத்த விதை. அரைத்து முடித்து, கையகலம் இருந்த மலை எலுமிச்சையைப் பிழிந்தார். தடித்த கேழ்வரகு ரொட்டியின் மேல் நெய்யும் இந்தத் துவையலும். இன்னொரு பங்கு விதையை அரைத்துத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, அந்தப் பாலைச் சேப்பங்கிழங்குக் குழம்பில் ஊற்றினார். தேங்காய் இல்லாத ஊரில் தேங்காய்ப் பாலின் வேலையை இது செய்கிறது. குளிருக்கு உடம்பில் சூடு ஏற்றும் என்பது அவர் கணக்கு. நான் நான்கு ரொட்டி சாப்பிட்டேன்.

“மயக்கம் வருதான்னு கேக்கிறாங்க” என்று மொழிபெயர்த்தாள் அண்ணன் மகள்.

வரவில்லை. விதையில் போதை இல்லை. பெண் பூவைச் சுற்றியுள்ள பிசினில்தான் அது இருக்கிறது. அந்தப் பிசினை உள்ளங்கையில் தேய்த்து உருட்டினால் சரஸ். தன் தம்பி ஒருவர் அதில் விழுந்து எழுந்திருக்கவே இல்லை என்று ஆமா சொன்னார். சொல்லும்போது கை துவையலை வழித்துக்கொண்டே இருந்தது, குரல் மட்டும் தாழ்ந்தது. தம்பி இறந்த வருடமும் சாணக்குழி ஓரம் விதை போட்டாராம். மாட்டுக்குக் கயிறு வேண்டாமா, குளிருக்குத் துவையல் வேண்டாமா என்று கேட்டார். அவரைப் பொறுத்தவரை தம்பியைக் கொண்டுபோனதும் சட்டியில் பொரிவதும் ஒரே பொருள் கிடையாது. என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்துவந்தன. அன்றுதான் பிரிந்தன.

சாப்பாட்டுக்குப் பிறகு கயிறு காட்டினார். ஆண் செடி முதலில் காய்ந்துபோகும். அதன் நார் மெல்லிசு, அதனால் அதை முன்பே பிடுங்கி ஊறப்போட்டு உரித்துவிடுவார்கள். பெண் செடி விதை முற்றும் வரை நிற்கும், அதன் நார் முரடு. எங்கள் பக்கத்திலும் சணப்பையும் புளிச்சையையும் குளத்தில் ஊறப்போட்டு நார் உரித்த காலம் ஒன்று இருந்தது. இப்போது சணப்பு பூக்கும் முன்னே மடக்கி உழும் பசுந்தாள் உரம். ஆமா தொடையில் வைத்துத் திரித்த கயிறு சாம்பலும் பொன்னும் கலந்த நிறம். இழுத்துப் பார்த்தேன், கை எரிந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியே ஒரு காலத்தில் குமாவூன் நாரைத் தேடி வந்து வாங்கியிருக்கிறது.

கிளம்பும்போது அண்ணன் மகள் ஒரு காகித உறையை எடுத்தாள். ஆமா சுரைக்குடுவையிலிருந்து ஒரு பிடி விதையை அதில் போட்டார். உறைமேல் ஊர், கடல்மட்ட உயரம், தேதி, சாணக்குழி ஓரம் என்ற குறிப்பு. நான் சாக்குப் பையிலிருந்து இரண்டு கை சின்ன வெங்காயத்தை எடுத்து அவர் மடியில் வைத்தேன். ஒன்றை உரித்துக் கடித்தார். கண்ணில் நீர் வந்தது. “இவ்வளவு சின்னதுக்கு இவ்வளவு காரமா?” மீதியில் நாலைந்து பல்லை அப்போதே தனியாக எடுத்து வைத்துவிட்டார். விதைக்கு என்று யாரும் சொல்லித்தரவில்லை.

ஹவால்பாக்

அல்மோராவிலிருந்து மேற்கே போகும் வழியில், 1,250 மீட்டர் உயரத்தில் விவேகானந்த மலைவேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பண்ணை. போஷி சென் என்ற வங்காள விஞ்ஞானி 1924இல் கல்கத்தாவில் தொடங்கிய சிறிய ஆய்வகம், 1936இல் அல்மோராவுக்குக் குடிபெயர்ந்தது. 1974இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்தது. உடலுக்குத் தேவையான புரதக் கூறுகள் மிகுந்த விவேக் கியூபிஎம் 9 என்ற மக்காச்சோளம் 2008இல் இங்கிருந்துதான் வெளிவந்தது.

மக்காச்சோளம் என்றதும் இறங்கி, வேலி ஓரம் சற்று நேரம் நின்றேன். பெரம்பலூர் மாவட்டமே அதில்தான் பிழைக்கிறது. ஆனால் எங்கள் கதிர் நாமக்கல் கோழித் தீவனத்துக்குப் போகிறது. இங்கே மலைக்குழந்தைகள் தின்பதற்கென்று ஒரு ரகம் உருவாக்க ஆட்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். அந்த எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது.

கர்ணபிரயாகை

ராணிகேத், துவாராஹாட், சௌகுட்டியா, கைர்சைண் என்று ஒரு பகல் முழுவதும் வளைவுகள். பிண்டர் ஆறு அலக்நந்தாவில் கலக்கும் கர்ணபிரயாகையில் இருட்டிவிட்டது. படித்துறையில் உட்கார்ந்து காலை நனைத்தேன், ஒரு நிமிடம்கூட வைக்க முடியவில்லை.

இந்த மலையும் ஒரு காலத்தில் கடலடி. எங்கள் அரியலூர்ப் பக்கமும் கடலடிதான். உழும்போது கிளிஞ்சலும் சுருள் நத்தைக் கல்லும் கிடைக்கும். சாத்தனூரில் 12 கோடி ஆண்டுப் பழைய மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. அங்கே கடல் பின்வாங்கிப் போனது. இங்கே கடலடியே எழுந்து பனியைச் சூடிக்கொண்டது.

பௌரி

விடியற்காலை உத்தராகண்ட் ஸ்ரீநகரைத் தாண்டிப் பௌரி ஏற்றம். ஒரு திருப்பத்தில் சௌகம்பா சிகரம் வெள்ளையாக எழுந்து நின்றது. வண்டியில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

2018இல் நார்க்கஞ்சாவை வணிகமாகப் பயிரிட நாட்டிலேயே முதலில் உரிமம் கொடுத்த மாநிலம் உத்தராகண்ட். தொடக்கம் இந்தப் பௌரி மாவட்டத்தில். உரிமத்தோடு ஒரு எண்ணும் வந்தது: 0.3 விழுக்காடு. போதை தரும் டிஎச்சி என்ற பொருள் அதற்கு மேல் இருந்தால் பயிரை அழித்துவிட வேண்டும். சிக்கல் இங்கேதான். மலைவீட்டு விதைகளில் பெரும்பாலானவை அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கின்றன. ஆமாவின் சாணக்குழிச் செடியும் தாண்டும். தலைமுறைகளாகத் துவையலும் கயிறும் கொடுத்த விதை சட்டத்தின் முன் குற்றவாளி. கோட்டுக்குள் அடங்குவது ஐரோப்பாவிலிருந்து வரும் விதை. அதற்கு இந்த மண்ணும் பழக்கமில்லை, இந்த மழையும் பழக்கமில்லை.

அந்த 0.3 வானத்திலிருந்து விழுந்த எண் கிடையாது. கனடாவின் தாவரவியலாளர் எர்னஸ்ட் ஸ்மால் 1976இல் இச்செடிகளை வகைப்படுத்தப் போட்ட கோடு. எங்காவது ஒரு கோடு போட வேண்டியிருந்தது, போட்டேன் என்ற அளவில்தான் அவரே அதை விளக்கினார். பிறகு நாடு நாடாக அது சட்டமாகிவிட்டது. கோடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோட்டை அடகு வைத்த அந்தப் பையனை மறக்கவில்லை. ஆனால் ஆமாவின் குடுவையையும் இனி மறக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில்தான் அண்ணன் மகளின் வேலை.

உரிமம் பெற்ற ஒரு பண்ணையில், மூன்று படி வயல்களைச் சேர்த்து அந்தக் குடில் நிற்கிறது. இரும்புக் குழாய் வளைவுகளின் மேல் பாலித்தீன், பக்கங்களில் நுண்வலை. வாசல் இரண்டு. முதல் கதவைச் சாத்திய பிறகே இரண்டாவதைத் திறக்கலாம். நடுவில் சட்டையை மாற்றி, தலையை மூடிக்கொள்ள வேண்டும்.

“குளிருக்கா இவ்வளவு?” என்றேன்.

“குளிர் ரெண்டாவது. முதல்ல மகரந்தம். நம்ம பனையை நினைச்சுக்குங்க சித்தப்பா. ஆண்பனை தனி, பெண்பனை தனி. இதுவும் அப்படித்தான். காத்துல பறக்கிற பூந்தூள் கிலோமீட்டர் கணக்கில போகும். வழியெல்லாம் பார்த்தீங்களே, அத்தனை காட்டுச் செடியும் வெளிய நின்னு தூத்திக்கிட்டே இருக்கு. ஒரு துகள் உள்ள வந்தா ரெண்டு வருஷ வேலை போச்சு.”

உள்ளே வெதுவெதுப்பு. பிசின் மணம் நெடியாக ஏறியது. ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சீட்டு, சீட்டில் ஒரு வீடு: சாணக்குழி ஓரம், 1,600 மீட்டர். கோயில் பின்புறம், 1,900 மீட்டர். ஒரு மூலையில் கறுப்புத் துணி சுருட்டிக் கிடந்தது. பகல் சுருங்கி இரவு நீளும்போது பூக்கிற செடி இது. சீக்கிரம் பூக்க வேண்டுமானால் சாயங்காலமே துணியை இழுத்து மூடி இரவாக்கிவிடுவார்கள். இந்த மலையில் ஆனி மாதப் பகல் 14 மணி நேரம். அந்த நீண்ட பகலில் செடி பூவை மறந்து உயரமாக வளர்ந்து நார் கொடுக்கிறது. குன்னத்தில் அதே நாளில் 12¾ மணி நேரந்தான். இந்த விதையை அங்கே போட்டால் முழங்கால் உயரத்திலேயே பூத்து நின்றுவிடும் என்றாள். மலை ஏன் வேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது.

ஒரு பெண் செடியின் கிளையில் காகிதப் பை மாட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அம்மா நினைவு. விதைப்பருத்திக் காட்டில் கிராஸிங் வேலைக்குப் போனவர். சாயங்காலம் மொட்டைப் பிரித்து ஆண் பகுதியைக் கிள்ளி எடுப்பார். மறுநாள் காலை வேறு செடிப் பூவைக் கொண்டுவந்து அதில் தடவுவார். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பூ. நகக்கண் எப்போதும் கறுத்திருக்கும். அந்த விதை எந்தக் கம்பெனிப் பாக்கெட்டுக்குப் போனது என்று அம்மாவுக்குத் தெரியாது.

“ஆத்தா பண்ணுனதுதான் நானும் பண்றேன்” என்றாள் அவள். “செடிக்குள்ள முதல்ல ஒரு தாய்ப்பொருள் உண்டாகுது. அதை ஒரு நொதி போதைப்பொருளா மாத்தும், இன்னொரு நொதி போதையில்லாத சிபிடியா மாத்தும். எந்த நொதின்னு பரம்பரை தீர்மானிக்குது. மலை விதையையும் போதை குறைஞ்சதையும் சேர்த்தா, பேரப்பிள்ளைகள்ல நாலுல ஒண்ணு போதையில்லாத பக்கம் நிக்கும். அந்த ஒண்ணுல ஆமா வீட்டுச் செடியோட உயரம், நாரு, விதையோட ருசி எல்லாம் இருக்கணும். அதைத் தேடிப் பிடிக்கிறதுதான் வேலை.”

“எத்தனை வருஷம்?”

“தெரியல சித்தப்பா. ஏழு எட்டு தலைமுறை கடக்கணும்.”

ஐரோப்பிய விதையை வாங்கிப் போட்டால் இந்த வருடமே பயிர் வருமே என்று பண்ணைக்காரர்கள் சிலர் கேட்கிறார்களாம். அவர்களுக்கு என்ன பதில் சொல்கிறாய் என்றேன். நம் ஊரைச் சொல்வேன் என்றாள். கருங்கண்ணிப் பருத்தி எங்கள் கரிசலுக்கென்றே பிறந்தது. மழை பொய்த்தாலும் நாலு சுளை கொடுக்கும். 2002இல் பிடி பருத்திக்கு அனுமதி வந்த பிறகு, பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் எங்கள் ஊரில் யார் வீட்டிலும் கருங்கண்ணி விதை இல்லை. பருத்தி இல்லாமல் போகவில்லை. விளைச்சலும் கூடியது. ஆனால் ஒவ்வொரு ஆவணிக்கும் கடை வாசலில் பாக்கெட்டுக்காக நிற்கிறோம். அதை இழந்தபோது எங்களுக்காக யாரும் ஒரு குடில் கட்டவில்லை.

பக்கத்து இமாசலத்திலும் 2025 ஜனவரியில் பாலம்பூர், நௌணி பல்கலைக்கழகங்களின் வழியாகக் கட்டுப்பாட்டோடு பயிரிட்டுப் பார்க்க அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. 2020இல் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்க வாக்கெடுத்தபோது 27க்கு 25 என்று முடிவானது. அந்த 27இல் இந்தியாவும் ஒன்று. ஆசை பெருகும், முதலீடு வரும். வரட்டும். அதற்குள் சுரைக்குடுவைகள் காலியாகிவிடக் கூடாது என்பதே என் கவலை.

மாலையில் குடிலை விட்டு வெளியே வந்தபோது குளிர் இறங்கியிருந்தது. அவள் அறையில் சின்ன வெங்காய சாம்பார் வைத்தோம். உயரத்தில் பருப்பு வேக நேரமாகும், குக்கர் எட்டு விசில் அடித்தது. சௌகம்பா சிவந்து, பிறகு நீலமாகி, இருட்டில் மறைந்தது. அவள் மூன்று முறை சாதம் போட்டுக்கொண்டாள்.

குன்னம்

ஆமா கொடுத்த வறுத்த விதைப் பொடியை அண்ணியிடம் கொடுத்தேன், என்ன என்று சொல்லியே கொடுத்தேன். சற்று நேரம் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சிட்டிகை நாக்கில் வைத்து, “எள்ளுப் பொடி மாதிரி இருக்கு. கொஞ்சம் புளி சேர்த்திருக்கலாம்” என்றார். மறுநாள் இட்லிக்கு அதுதான்.

கார்த்திகையில் அண்ணன் மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. சாணக்குழி ஓரம், அறுத்த செடிகளின் தாள்களுக்கு நடுவே, நாலைந்து பச்சைக் குழாய்த் தாள்கள் மண்ணைக் கிழித்து வந்திருந்தன. கீழே எழுதியிருந்தாள்: “முளைச்சிருச்சு சித்தப்பா. பனியில நுனி கருகுது. ராத்திரியில வைக்கோல் போட்டு மூடலாமான்னு ஆமா கேக்கிறாங்க.”

மூடச் சொன்னேன். விடிந்ததும் எடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னேன்.